சிவப்புச் சுழி இல்லாத சீட்டு

செங்கல்பட்டில் பல் கிளினிக் வைத்திருந்த என் மனைவியின் அண்ணன், “கூட்டம் தாங்கல மாப்ள, உங்க கம்ப்யூட்டர் ஏதாச்சும் வழி சொல்லுமா?” என்றார். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நிஜத்தைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் கற்றுக்கொண்ட புதிதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம். உடனே ஒப்புக்கொண்டேன்.

லீவு போட்டு மூன்று நாள் அங்கே உட்கார்ந்து, யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்த ஊழியர் என்ன செய்தார் என்று குறித்தேன். அதைக் கொடுத்ததும் கணினிக்குள் ஒரு பொய்க் கிளினிக் ஓடியது. ஒரு மாதக் கூட்டம் ஒரே நிமிடத்தில் புள்ளிகளாக வந்து போனது.

அங்கே ஓர் ஆயா இருந்தார். புருஷன் இல்லை, மகள் பத்தாவது படித்தாள், அந்தச் சம்பளம்தான் சோறு. முக்கால்வாசி நேரம் காத்திருப்பவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். என் தாளில் அவருக்கு நேரே ‘சும்மா’ என்று எழுதினேன். அவரை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். யாருக்கும் காத்திருப்பு கூடவில்லை. மச்சான் அவரை நிறுத்திவிட்டார்.

“நா இன்னா சார் தப்பு பண்ணேன்?” என்று ஆயா வாசலில் என்னைக் கேட்டார்.

“தப்பு ஒண்ணும் இல்லம்மா. கணக்கு அப்படி வருது” என்றேன். சே, என்ன ஒரு பதில்!

அடுத்த மாதம் செய்யூரிலிருந்து ஒரு பெரியவர் பல் பிடுங்க வந்தார். இதய நோயாளி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். நாற்காலியில் உட்காரவைத்து மச்சான் கேட்டதற்கு, “மாத்திரையா, ஒண்ணும் இல்லீங்க” என்றார். உண்மையைச் சொன்னால் இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள், இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டும். ஆயா இருந்தவரை, டாக்டரிடம் மறைப்பதைப் பெஞ்சில் அவரிடம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் அந்த ஆளின் சீட்டில் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டு உள்ளே அனுப்புவார். சுழி இருந்தால் மச்சான் பல்லைத் தொடமாட்டார். அதைப் போடுவது யாரென்று அவர் கேட்டதேயில்லை, நானும் கவனிக்கவில்லை. பெரியவரின் சீட்டு வெறுமையாக இருந்தது. மச்சான் பிடுங்கிவிட்டார்.

ரத்தம் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

ஆயாவைத் தேடிப் போனேன். மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன்.

அவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

“என்னாண்ட சொல்லியிருப்பாரு சார்” என்றார்.