பட்டியலில் இல்லாத நாலாவது பாட்டு

இந்த வீட்டில் மணிக்கூட்டை யாரும் பார்ப்பதில்லை. கசெற்றில் பாடுகிற ஒரு பிரேசில்காரிதான் எங்களுக்கு நேரம் சொல்லுவா. காலையில் கசெற்றைப் போட்டால் முதல் பாட்டுக்கு வீட்டுக்காரி சின்யோரா ரொசாலியா கண் முழிப்பா. இரண்டாவதுக்குக் குளிப்பு. மூன்றாவதுக்குத் தலை சீவி இழுத்து ஜன்னலோரம் கதிரையில் இருத்துவேன், துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பா. அதோடு நிற்பாட்டிவிட வேண்டும். மத்தியானம் நாலாவது பாட்டைத் தொடக்கி, பஸ்தினா ஊட்டுவேன். பஸ்தினா என்றால் பெரிய சாமானில்லை, குறுணல் மாதிரிச் செய்த மாமணிகளைச் சூப்பில் அவிக்கிறது. ஐந்தாவதுக்கு நித்திரை. அந்தப் பிரேசில்காரி இள வயதில் இத்தாலிக்கு வந்து, இத்தாலிய மொழியிலேயே பாடிக் கொடுத்துவிட்டுப் போன கசெற்றாம் அது. சின்யோராவின் புருஷன் நாப்போலிக் கப்பலில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்தது.

சின்யோராவுக்கு எண்பத்தாறு வயது, மறதி வருத்தம். எனக்கு அறுபத்தெட்டு. கொஞ்சம் குறைந்த கிழவி கொஞ்சம் கூடின கிழவியைப் பார்க்கிற உத்தியோகம். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். இத்தனை வருடமும் பாட்டைப் பற்றி நான் ஒன்றும் யோசித்ததில்லை. சத்தம் இருந்தால் வீடு வீடாக இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சின்யோரா வாய் திறப்பது என் சொல்லுக்குத்தான் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. நான் கரண்டியை நீட்டி, "ஆ, என்ரை ராசாத்தி, ஆ" என்று தமிழில்தான் சொல்லுவேன். உடனே திறப்பா. வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு லீவு. ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்கு முன்னால் எங்கள் தமிழ்ப் பெண்கள் கூடுகிற வாங்கில் இருந்துகொண்டு நான் அடிக்கிற புளுகுக்குக் கணக்கில்லை.

"எங்கடை சின்யோராவுக்குத் தமிழ் விளங்கும். பெத்த மகன் ஊட்டினாலும் வாங்கமாட்டா. என்ரை குரல் கேக்கவேணும்."

பக்கத்தில் ஜெசி இருப்பாள். மன்னார்ப் பிள்ளை, வாய்க்காரி. "அக்கா, உங்களை ரோமாபுரிக்கு அனுப்பினால் அரசாங்கமே வாய் திறந்து சாப்பிடும்" என்பாள். நான் அதையும் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பாட்டு விஷயத்தில் எனக்கு ஊரிலேயே ஒரு தலைக்கனம் இருந்தது. எங்கள் தீவில் கலியாண வீடென்றால் லவுட்ஸ்பீக்கர்காரர் இசைத்தட்டுப் பெட்டியோடு வருவார். என் மச்சாளின் கலியாணத்தில், பொம்பிளை தாலி கட்டி வெளியே வருகிற நேரம் அந்த மனுஷன் ஒரு பிரிவுப் பாட்டைப் போட்டுவிட்டார். நல்ல பாட்டுத்தான், அந்த வருடம் ஊரெல்லாம் அதுதான். நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஊசியைத் தூக்கினேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்கும் தட்டுத் தெரிந்தெடுப்பது நான்தான். பாடச் சொல்லி மட்டும் யாரும் கேட்கவில்லை. கோயில் பாடகர் குழுவில் சேரப் போனபோது, அண்ணாவியார் என்னைக் கடைசி வரிசையில் விட்டு, "பிள்ளை, நீ வாயை மட்டும் அசை" என்று அன்பாகச் சொன்னவர்.

போன மாதம் கசெற் சிக்கியது. நாடா வெளியே வந்து மெஷினுக்குள் சுற்றிக்கொண்டது. சின்யோராவின் மகனுக்குச் சொல்லியிருக்கலாம். தெருமுனையில் ரேடியோ திருத்துகிற ஒருவர் இருக்கிறார், அவரிடமாவது கொண்டுபோயிருக்கலாம். நானோ, ஊரில் எத்தனை கசெற்றைத் திருத்தினவள் என்று சொல்லிக்கொண்டு, பென்சிலை விட்டுச் சுற்றி, வராத இடத்தில் மீன் வெட்டுகிற கத்தியால் நெம்பினேன். நாடா அறுந்தது. அறுந்த இடத்தைக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரால் ஒட்டினேன். பிறகு அது ஊளையிட்டது, பிறகு அதுவும் இல்லை. கைலேஞ்சித் துணியில் சுற்றி என் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, மிலானோவில் இருக்கிற மகன் பியெத்ரோவுக்குப் போன் எடுத்து, "தொத்தோரே, அம்மாவின்ரை கசெற் வயசுபோய்ச் செத்துப்போச்சு" என்றேன். அவர் வருத்தம் பார்க்கிற டொக்டர் இல்லை. இங்கே படித்தவர் எல்லோரும் தொத்தோரேதான்.

நல்ல மகன், மூன்று நாளில் ஒரு சீடி அனுப்பினார். அதே பிரேசில்காரி, மினுங்குகிற அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தா. அவவின் ஆகச் சிறந்த இருபது பாட்டுகளாம். எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது, நம்பரை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னேன். ஒன்றாவது ஒரே மேளம், சின்யோரா இரண்டு கையாலும் காதைப் பொத்தினா. ஆறாவது எங்கள் குளிப்புப் பாட்டேதான், ஆனால் வயலின்களைக் கூட்டிக் கலியாணச் சோடனை செய்து வைத்திருந்தார்கள், சொல்லும் பிரேசில் சொல். பன்னிரண்டாவது வயதுபோன பிறகு பாடினது. குரல் தடித்து, மூச்சு வாங்கி, இனி என்னத்தை மறைக்கிறது என்கிற மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. சின்யோராவுக்கு ஆளையே தெரியவில்லை. இருபதையும் போட்டுப் பார்த்தேன். நாலாவது பாட்டு, எங்கள் நாலாவது பாட்டு, எங்கேயும் இல்லை.

அன்று மத்தியானமும் "ஆ, என்ரை ராசாத்தி" என்றேன். வாய் பூட்டின கடை மாதிரிக் கிடந்தது. குரலை உயர்த்திச் சொன்னேன், குழைந்து சொன்னேன், கோபமாகவும் சொன்னேன். கசெற் செத்த நாளிலிருந்து ஐந்து நாள் வெறும் பாலும் தண்ணீரும்தான் இறங்கியது. தமிழ் விளங்கின சின்யோரா என்னை யாரோ பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா.

ஆறாம் நாள், நான் போனில் சொன்னதைக் கேட்டு, பியெத்ரோ வந்து இறங்கினார். தாயின் கையைப் பிடித்துப் பார்த்தார், அவவின் கைக்கடிகாரம் தளர்ந்து முழங்கைக்கு ஓடியது.

"மரியா, மொண்டெல்லோப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறன். கடல் தெரியும், தாதிமார் இருக்கினம். வாற கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவம்."

என் பெயர் மரியபுஷ்பம், இங்கே பாதிதான் செல்லும். சின்யோரா போனால் என் அறையும் இந்த வீட்டோடு போகும், அது உண்மை. ஆனால் எனக்கே திறக்காத வாய் புது முகங்களுக்குத் திறக்குமா? அந்த நேரத்திலும் நான் பழியைத் தூக்கிச் சீடியில்தான் போட்டேன்.

"நீங்கள் அனுப்பின சீடிதான் பிழை, தொத்தோரே."

"அதிலை இருக்கிறது இருபதும் ஆகச் சிறந்த பாட்டுகள்."

"ஆர் தெரிஞ்செடுத்தது?"

"சனம்தான். லட்சக்கணக்கிலை வித்த பாட்டுகள், மரியா."

"வாங்கின சனம் ஆடுறதுக்கு வாங்கினது. உங்கடை அம்மாவுக்கு விழுங்கவேணும்."

அவர் அட்டையை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தார். நான் அதைப் போடச் சொல்லிக் கேட்டு, "இது கால் ஆட்டுற பாட்டு, இது சண்டைக்காரப் பாட்டு, இது ஆரோ ஏமாந்த பாட்டு" என்று தள்ளிக்கொண்டே போனேன்.

"சரி, உங்கடை பாட்டின்ரை பேரென்ன?"

"நாலாவது."

"பேர்?"

பேர் எனக்கு எப்படித் தெரியும்? கசெற்றில்தான் எழுதியிருக்கிறது. கசெற் லாச்சிக்குள் பிளாஸ்ரரோடு கிடக்கிறது. பிறகு போய் எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

"வயசுபோய்ச் சாகேல்லை. நான்தான் கத்தியாலை நெம்பினனான். இன்னொண்டும் இருக்கு, தொத்தோரே. அம்மா ஒரு நாளும் என்ரை சொல்லுக்கு வாய் திறக்கேல்லை. இந்தப் பாட்டுக்குத்தான் திறந்தவ. நான் ஒன்பது வருசம் சும்மா கரண்டி பிடிச்சனான்."

அவர் பிளாஸ்ரரைத் தடவிப் பார்த்தார். பெயரைப் பார்த்துப் போனில் தேடினார். பிரேசில் மொழியில் பாடினது மட்டும் வந்தது. அதைப் போட்டதும் சின்யோரா முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"அப்ப நீங்கள் பாடுங்கோ" என்றார். "ஒன்பது வருசம் கேட்டனீங்கள்தானே."

அண்ணாவியார் செத்து எத்தனையோ காலம், இருந்தும் அவர் பின்னால் நிற்கிற மாதிரிக் கூச்சமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். வெட்கத்தில் அந்தப் பாட்டைப் பஸ் பிடிக்கிற மாதிரி ஓட்டினேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"பியானோ" என்றா சின்யோரா. மெதுவாக, என்று அர்த்தம். ஐந்து நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல்.

முதலில் இருந்து தொடங்கினேன். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன், சுருதி போன இடத்தில் அவ முகத்தைச் சுளித்தா, ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. பாட்டின் இரண்டாவது அடி முடிந்து குரல் கீழே இறங்குகிற இடத்தில் வாய் திறந்தது. என்னால் பாட்டை விட முடியாது, கண்ணால் கரண்டியைக் காட்டினேன். மிலானோக் கோட்டோடு அந்தப் பெரிய மனுஷன் முழங்காலில் இருந்து தாய்க்குப் பஸ்தினா ஊட்டினார், பாதி கழுத்துப்பட்டியில் போனது. பாட்டை நாலு தரம் பாடினேன், கிண்ணம் வெறுமையானது. அவர் பல்கனிக்குப் போய் இல்லத்துக்காரருக்குப் போன் எடுத்து, இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

வியாழக்கிழமை ஜெசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப கச்சேரிக்கு எப்ப டிக்கெற் விப்பீங்கள், அக்கா?" என்றாள். சொல்லட்டும். இப்போது ஒவ்வொரு மத்தியானமும் நானே பாடுகிறேன், சின்யோராவே திருத்துகிறா.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் தங்கச்சி ராணி, "கடைசிக் காலத்திலை இஞ்சை வாங்கோ அக்கா, நான் வைச்சுப் பார்ப்பன்" என்று எப்போதும் சொல்லுவாள். பார்ப்பாள், அதில் சந்தேகமில்லை. கதிரையில் இருத்தி, கஞ்சியை ஆற்றி, எனக்குப் பிடித்த பாட்டாகத் தேடித் தேடிப் போடுவாள். ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது, எல்லாம் ஆகச் சிறந்த பாட்டாகத்தான் இருக்கும். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பேன் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. ஒரு பிரேசில்காரி இத்தாலிய மொழியில் பாடினதும், கம்பனிக்காரன் பட்டியலில் சேர்க்காததுமான ஒரு பாட்டு வேண்டும் என்று அவளுக்கு அப்போது யார் சொல்லுவார்கள்?

அதனால் போனில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். "உங்களுக்கு விசர்" என்று ஏசிக்கொண்டுதான் பாடுகிறாள். சரியான அவசரக்காரி. "பியானோ, ராணி, பியானோ" என்கிறேன். நேற்று முதல் அடியை முடித்தோம். வாய் திறக்கிற இடத்துக்கு இன்னும் வரவில்லை.