கமரா அறையில் ஒரு தலையாட்டி

மைதானத்தில் செக்கியூரிட்டி வேலை எனக்கு ஆறு வருடமாக. கிழமை நாட்களில் மிசிசாகாவில் ஓர் அலுவலகக் கட்டடம், மட்ச் நாட்களில் இங்கே. மைதானத்தில் வேலை என்றதும் ஆட்கள் பொறாமைப்படுவார்கள். என்ன பொறாமை? வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு கோல்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்தபடி நிற்பதற்குத்தான் சம்பளம். சனம் கூடினால் எனக்கு எப்போதுமே பயம். ஆனால் இந்தச் சனம் பாடும், பியர் குடிக்கும், தோற்றால் திட்டிக்கொண்டு ரெயில் ஏறும். அதனால் பழகிப்போயிருந்தேன்.

பிறகு எங்கள் அணியைக் கடல்கடந்த ஒரு கம்பனி வாங்கியது. வந்ததும் வராததுமாக உடுப்பின் நிறத்தை மாற்றினார்கள். நல்ல விளையாட்டுக்காரரை விற்றார்கள். அணியையே வேறு நகரத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. அன்றோடு, தீவிர ரசிகர்கள் கூடுகிற தெற்குப் பக்கத்தில் பாட்டு நின்றது. ஒவ்வொரு மட்சிலும் பத்தாவது நிமிடம் அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து, பந்துக்கு முதுகைக் காட்டி, சத்தமில்லாமல் நிற்கும். எனக்குப் பிடரிகள் மட்டும்தான் தெரியும். கத்தினால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

அந்தப் பிடரிகளுக்குள் ஒன்று என் மகளுடையது. சின்ன வயதில் ரிக்கற் எடுத்துக் கூட்டிக்கொண்டு வந்து பழக்கியவன் நான்தான். என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டேன். அவளுக்கு ஆசிரியப் படிப்பில் கடைசி வருடம். பொலிஸ் பதிவு சுத்தமாக இருந்தால்தான் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கவே விடுவார்கள்.

"பிள்ளை, உந்தக் கூட்டத்துக்குள்ளை நிக்காதை. ஆரும் படம் எடுத்து வைச்சாங்களெண்டால் உன்ரை ரீச்சர் வேலை போச்சு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"அப்பா, இது கனடா. ஜஸ்ட் ரிலாக்ஸ்" என்பாள்.

ரிலாக்ஸாம். அவளுடைய சோதனைக்கு முன் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஐயரைக்கொண்டு இடக்கையில் சிவப்பு மஞ்சள் நூல் கட்டுவித்தேன். ஒரு காவலுக்கு.

அந்தச் சனிக்கிழமை பின்னேரமும் பத்தாவது நிமிடத்தில் எழுந்தார்கள். 'எங்கள் அணி விற்பனைக்கல்ல' என்று எழுதிய பெரிய துணி ஒன்று உயர்ந்தது. அதன் கீழிருந்து குபுகுபுவென்று சிவப்புப் புகை. புகைக்குழல் கொளுத்துகிறவர் இனி மைதானத்துக்குள் வர முடியாது, பொலிசிலும் ஒப்படைப்போம் என்று முந்தின கிழமைதான் அறிவித்திருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்திருக்கவேண்டும். அதுதான் என் வேலை. நான் செய்தது என்னவென்றால், புகை மணம் மூக்கில் ஏறியதும், ஊரில் ஷெல்லடிக்குப் பழகியதுபோல, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். முன் வரிசையில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

மட்ச் முடிந்ததும் மேலாளர் என்னைக் கமரா அறைக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு படத்தை நிறுத்தி வைத்திருந்தார். துணியின் விளிம்பு, அதைப் பிடித்த கைகள், கறுப்புத் துணி சுற்றிய முகங்கள். ஒரு மணிக்கட்டைப் பெரிதாக்கினார். சிவப்பும் மஞ்சளுமாக நூல்.

"இது உங்கள் கோயில் நூல்தானே? இந்தப் பெண் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். கோப்பியும் தந்தார்.

ஐயரைக்கொண்டு நான் கட்டுவித்த நூல். பத்தொன்பது வயதில், ஊரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆமிக்காரர் வெயிலுக்குள் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் ஒருவன், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவனுக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போய் நிற்கவேண்டும். சாக்கு ஆடினால் பிடித்துக்கொண்டு போவார்கள், ஆடாவிட்டால் வீடு. எனக்கு ஆடவில்லை. எனக்குப் பின்னால் வந்தவனுக்கு ஆடியது. அவன் செருப்பு ஒன்று மண்ணில் கிடந்தது. அந்தச் சாக்குக்குள் இருந்தவனை நான் இத்தனை வருடமாகத் திட்டியிருக்கிறேன். ஒரு மனிசப் பிறவியா அவன் என்று.

"தெரியாது" என்றேன்.

மேலாளர் விடவில்லை. திரையில் மகளுக்குப் பக்கத்தில், முகத்தை மூடாமல், ஒரு தாடிக்காரர் நின்றார். வெள்ளைக்காரர். மைதான வாசலில் என்னைக் கண்டால் கைகூப்பி "வணக்கம்" சொல்லுவார், மகள் பழக்கியது.

"அப்படியென்றால் இவரா கொளுத்தியது? நீங்கள் நேர் முன்னால்தானே நின்றீர்கள்?"

நான் ஒன்றையும் பார்க்கவில்லை. குந்திக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய விரல் இன்னும் சுட்டியின் மேல்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் மறுபடியும் அந்த மணிக்கட்டுக்குப் போய்விடும். வாயால் நான் எதுவும் சொல்லவில்லை. தலை ஒருமுறை கீழே போய் மேலே வந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி என்றார்.

இரண்டு கிழமையாகச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் வந்தால் பயம், மகளின் போன் அடித்தால் பயம். மனிசி பிரஷர் என்று சொல்லி உப்பைக் குறைத்தாள்.

ஒரு ஞாயிறு காலை, ரூஜில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து கதிரையில் இருந்தாள். அழுதிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு வணக்கம் சொல்லுற அவரை மைதானத்துக்கு வராமல் பான் பண்ணிட்டினம். பொலிஸ் கேஸும் போட்டிருக்கினம். ஆரோ ஸ்ராஃப் காட்டிக் குடுத்ததாம். ஹூ டஸ் தட்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவினேன். கழுவிய கோப்பைதான் அது.

"அவர் ஒண்டும் செய்யேல்லை அப்பா. நான்தான் கொளுத்தினனான்."

"ஆருக்கும் வாய் திறக்காதை" என்று பாய்ந்தேன். "உன்ரை படிப்பு என்னத்துக்காகும்? நாலு வருசம் நாய் படாப் பாடு பட்டுப் படிச்சனி."

"ரீச்சராப் போய் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது? நாளைக்கு நான் போய்ச் சொல்லப் போறன்."

கோபத்தில் சொல்லவில்லை. மேசைமேல் கையை வைத்து மணிக்கட்டு நூலைத் திருகினாள். நூலின் மஞ்சள் வெளுத்துப்போய், சிவப்பு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

எனக்கு அவளுடைய வேலையைப் பற்றிய பயம் அந்த நிமிடமே போய்விட்டது. வேறொரு பயம் வந்து குந்திக்கொண்டது. அந்த அறை. அந்த மேலாளர். "உன் அப்பாதானே இவரைக் காட்டினார்" என்று அவர் அவளிடம் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, அங்கை உங்களை எல்லாருக்கும் தெரியும்தானே" என்றாள். "நீங்களும் என்னோடை வாறீங்களோ? தனியப் போகப் பயமாக் கிடக்கு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாறன் என்று தலையை ஆட்டினேன்.