அண்ணி வாங்கிய ஒரே துண்டு கேபிள்

அந்தக் கறுப்புக் கேபிளை அண்ணி வெட்டியதும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. செஞ்சியில் இரண்டு நாள் பெய்த மழை, மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாவுக்கும் கூடத்து டிவிக்கும் நடுவில், டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டுக்குள் இறங்கியிருந்தது. அப்போது மதியம் மூன்று மணி. ஐந்தரைக்கு அண்ணி டிவியில் வரப்போகிறார். திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற வரி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலி வேலைதான். தையல் தைத்துச் சேர்த்து, முக்கால் ஏக்கர் வாங்கித் தன் பெயரில் பதிந்த முதல் ஆள் அண்ணி. சொட்டுநீர்க் குழாய் போட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்தார். அந்த விளைச்சலைக் கேள்விப்பட்டு, டிவிக்காரர்கள் வந்து விவசாய நிகழ்ச்சிக்காகப் படம்பிடித்துப் போனார்கள். அன்று காலைதான் போன் வந்தது: இன்றைக்கே ஒளிபரப்பு, மறுபடி போடுவார்களா என்பது தெரியாது.

பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அண்ணி மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“அம்மா பனமலைலேர்ந்து பஸ் ஏறிடுச்சு. அது அடுத்த வூட்டுக்குள்ள வந்து உட்காராது, வாசல்லயே நின்னுடும். நம்ம வூட்ல உட்கார்ந்து பார்க்கணும்.”

அண்ணி துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, டிஷ்ஷிலிருந்து சுவரோரமாக டிவி வரைக்கும் பிடித்து அளந்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த கடைக்கு ஓடினோம்.

கடைக்காரர் கையிலிருந்த இரண்டு துண்டுக் கேபிளைக் காட்டினார். நடுவில் சேர்க்க ஓர் அடாப்டரும் தருவதாகச் சொன்னார். “இது போட்டா ஜாயின்ட் இருக்கறதே தெரியாதும்மா.”

“பைப்புல ஜாயின்ட் எங்க இருக்குதோ அங்கதாண்ணா ஒழுகுது,” என்றார் அண்ணி. “இந்தக் கயிறு நீளத்துக்கு ஒரே துண்டா குடுங்க.”

மூன்று சுருளின் நுனியைச் சீவிக் காட்டச் சொன்னார். ஒன்றில் கம்பிவலை சல்லடையாக இருந்தது. இன்னொன்றில் நடுக்கம்பி மெலிசு. மூன்றாவதில் ஈயத்தாள் போன்ற உறையும் அதன்மேல் நெருக்கமான வலையும் இருந்தன. அதைத்தான் வாங்கினார். முனைக்கு மாட்டும் பின்னிலும் வெறுமனே செருகுவது வேண்டாம், திருகி இறுக்குவதுதான் வேண்டும் என்று நின்றார். விதை பொறுக்கும்போது இருக்கும் அதே முகம்.

நாங்கள் திரும்பும்போது அவருடைய அம்மா வந்து கதவோரமாக உட்கார்ந்திருந்தார். கேபிளை இழுத்து மாட்டி முடித்தபோது ஐந்தேகால். டிவியைப் போட்டேன். மறுபடியும் ‘சிக்னல் இல்லை’. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி டிவிப் பெட்டியை அணைக்கச் சொல்லி மாடிக்கு ஓடினார். அணைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். பின்னைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வலையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கம்பி பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு இறுக்கித் திருகினார்.

“இப்ப போடு.”

நான் கீழே ஓடிவந்து போட்டேன். கண்ணாடி மாதிரி படம் வந்தது. நான் கத்திய கத்தலில் தெருவே எட்டிப்பார்த்தது. அண்ணி இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். நிகழ்ச்சி தொடங்கியது. பச்சைப் பசேலென்று மல்லாட்டைக் கொல்லை, நடுவில் அண்ணி. அண்ணி தன்னைப் பார்க்கவேயில்லை. “செடி நல்லா தெரியுது பாரேன்,” என்றார்.

திரையின் கீழே பெயரும் அதற்கடியில் ஒரு சொல்லும் வந்தன. படிக்கத் தெரியாத அவர் அம்மா என்னிடம் கேட்டார்.

“இன்னாம்மா எழுதியிருக்குது?”

“விவசாயின்னு போட்டிருக்குது அத்தை.”

“எம் பொண்ணுக்கா?”

“ஆமாம் அத்தை.”

இரண்டரை நிமிடம் இருந்திருக்கும். இன்று கைப்பேசியில் எதைத் தேடினாலும் கிடைக்கிறது. அந்த இரண்டரை நிமிடம் மட்டும் எனக்குக் கிடைக்கவேயில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது அப்படியே மனத்தில் இருக்கிறது. மகள் நிலம் வாங்கியதிலிருந்து எத்தனையோ முறை வந்தும், அத்தை வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே கால் வைத்ததில்லை. அன்று, டிவியில் விளம்பரம் ஓடத் தொடங்கியதும், மகளைப் பார்த்துக் கேட்டார்.

“கொல்லையில களை இருக்குதா?”

“இருக்குது. அதுக்கு ஆள் வருவாங்க, நீ சும்மா இரும்மா.”

“ஆள் வேணாம். எத்தினி பேர் கொல்லையில எடுத்திருக்கேன். நம்ம கொல்லையில எடுத்தா எப்படி இருக்குதுன்னு பார்க்கறேன்.”

மறுநாள் விடிந்ததும், எங்களுக்காகக் காத்திராமல், செருப்பை வரப்பில் விட்டுவிட்டு உள்ளே இறங்கினார்.