குளத்துக்கு இரண்டு மருந்து

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. இப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை எழுதியாவது வைக்கிறேன்.

முதலில் நினைவுக்கு வருவது உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் இருந்த ரிசார்ட்டின் நீச்சல் குளத்துத் தண்ணீரை அதில் பிடித்து, நாலைந்து சொட்டு மருந்து விட்டுச் சோதிப்பேன். ஒரு குழாய் மஞ்சளாகும். மஞ்சள் வெளிறியிருந்தால் குளோரின் போதவில்லை. மற்றது சிவக்கும். சிவப்பு அடர்ந்திருந்தால் காரம் ஏறிவிட்டது, ஆசிட் விட வேண்டும். ஒல்லாந்தர் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் சுற்றிவிட்டு நேராக அந்தக் குளத்தில்தான் வந்து விழுவார்கள்.

என் கணவரின் அண்ணன் மனைவியும் அங்கே வேலை பார்த்தாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஏரியில் மீன் அற்றுப்போன ஒரு கோடையில் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனோம். குளத்துச் சுவரைத் தேய்ப்பதும் வலைக்கரண்டியால் குப்பை அள்ளுவதும் அவள் வேலை. "உங்க மாமா வலையில மீனு இல்ல, என் வலையில வேப்பெல. குடும்பத்துக்கே நல்ல மீன்பாடுடி" என்பாள். நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், "இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு இன்னா மருந்து எழுதப் போற?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

மருந்து என்ற பேச்சைத் தொடங்கி வைத்தது நான்தான். குளோரின், ஆசிட் என்ற பெயர்கள் அவள் வாயில் நிற்கவில்லை. குளோரின் தூளை வெள்ளை மருந்து என்றும் ஆசிட்டைத் தண்ணி மருந்து என்றும் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் குப்பத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால், மாத்திரையை நசுக்கி இருமல் டானிக்கில் கரைத்து ஒரே பாலாடையில் புகட்டிவிடுவோம். பிள்ளை ஒரு தடவை அழுதால் போதும் அல்லவா. மருந்தும் மருந்தும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று அக்காவுக்கு யார் சொன்னார்கள்?

எனக்குச் சொல்லியிருந்தார்கள். மீஞ்சூரிலிருந்து வரும் ஆபரேட்டர்தான் இரண்டையும் தனித்தனியாகக் குளத்தில் விடுவார். தூள் காலையில், ஆசிட் மதியத்துக்கு மேல். ஒன்றின் வாளியில் இன்னொன்றை ஊற்றினால் ஆளைக் கொல்லும் என்று என்னிடம் சொன்னார். அக்காவா கலக்கப் போகிறாள் என்று நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் மழைக்குப் பிறகு குளம் பச்சையாகிவிட்டது. ஆபரேட்டர் விடுப்பில் இருந்தார். "நீங்களே போட்டுடுங்கம்மா, பதினோரு மணிக்கு ஆளுங்க எறங்கணும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். விருந்தாளிகள் அதற்குள் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் குழாய்களோடு குளத்தின் ஆழமான முனையில் நின்றேன். அக்கா எதிர் முனையில், மருந்தும் வாளியும் இருக்கும் பம்ப் அறை வாசலில் நின்றாள்.

"டாக்டரம்மா! எந்த மருந்துடி?"

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முகம் சுட்டது. இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டுமா?"

தலையாட்டினேன். அக்கா உள்ளே போனாள். தனித்தனியாக என்று கத்தியிருக்க வேண்டும். ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கிட்டே போய் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று குளத்தைச் சுற்றி நடந்தேன். அவர்கள் முன்னால் ஓட வெட்கமாக இருந்தது. அதனால் நடந்தேன்.

பாதி வழியிலேயே மூக்கு எரிந்தது. பம்ப் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் மஞ்சளும் பச்சையுமாகப் புகை வந்தது. அக்கா வாசற்படி வரை தவழ்ந்து வந்து கிடந்தாள். வாட்ச்மேனும் நானும் இழுத்து வெளியே போட்டோம். "எரியுதுடி" என்றாள். பொன்னேரி ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. மூச்சுக்கு மூச்சு மார்பு விசில் மாதிரி கத்தியது.

"படிக்காதவங்க, தானா ரெண்டையும் கலந்துட்டாங்க" என்று மேனேஜர் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னார். மாமா, அக்காவின் கணவர், என் பக்கம் திரும்பினார்.

"நீ கூடத்தானேம்மா இருந்த? யார்னா சொன்னாங்களா அவளாண்ட?"

"இல்ல மாமா."

"அவசரக்குடுக்க. எப்பவுமே அவசரக்குடுக்க" என்று சொல்லிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா போய்விட்டாள்.

அன்று முதல் குப்பத்தில் அவள் பெயர் அவசரக்குடுக்கைதான். போன மாதம் அவளுடைய மகள் தன் பிள்ளையை அதட்டினாள். "எங்கம்மா மாதிரி அவசரப்பட்டுச் சாவாத." பக்கத்தில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தவில்லை. அந்த மகளுக்குப் படிக்கத் தெரியும், இதைப் படிக்கட்டும். உங்கம்மா அவசரப்படவில்லை, கண்ணு. என்னைக் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அக்கா இறந்த மறுநாள் குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. ரிசார்ட்டில் ஆபரேட்டர் வந்து, அறையைக் கழுவி, தூள் போட்டார். தண்ணீர் தெளிந்துவிட்டது. சாயங்காலம் பிள்ளைகள் இறங்கிக் குளித்தார்கள்.