இத்தாவில் கீறிய பூக்கள்

நீர்வர்ணம் பூசிய சித்திரக் கொப்பித் தாள் காயும்போது பப்படம்போல் நெளிந்துகொள்ளும். அந்த நெளிவைக் கையால் நீவி நீவியே என் பத்தாவது வயதில் நான்கு மாதங்கள் கழிந்தன.

வாப்பா மௌத்தாகியிருந்தார். கல்முனையில் எங்கள் வீட்டு உள்ளறையில் உம்மா வெள்ளைச் சேலையோடு "இத்தா" இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரமும் வாசனையும் இல்லாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. முற்றத்துப் பந்தலில் மல்லிகை பூத்துக் கொட்டியது. அந்தி தவறாமல் பூச்சூடிப் பழகிய உம்மாவின் பக்கம் ஒரு மொட்டைக்கூட அவருடைய மூத்த சகோதரியான பெரியம்மா போகவிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மல்லிகை, செவ்வரத்தை, தாமரை என்று நாளுக்கொன்றாகக் கீறி, உம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். வெள்ளைத் தாளில் மல்லிகை கீறுவது லேசில்லை. சுற்றிலும் இலைகளைத் தீட்டி, பூவுக்கு உரிய இடத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும் என்பதை நானாகவே கண்டுபிடித்து, பெரிய கெட்டிக்காரியாகத் திரிந்தேன்.

பெரியம்மா கண்டுவிட்டார். "இத்தா வீட்டுல என்னடி பூவும் புதினமும்? ஆக்கள் வந்தா என்ன கதைப்பாங்க? கழட்டு!"

என்னால் உம்மாவுக்குப் பாவம் சேர்ந்துவிட்டதோ என்று பயந்து, ஒரு தாளின் மூலையைப் பிய்க்கத் தொடங்கினேன்.

"ராத்தா, கடதாசியில ஏது வாசம்? மணந்து பாருங்க," என்றார் உம்மா. "புள்ளைட கைவேலை, கிடக்கட்டும்."

பெரியம்மா உண்மையிலேயே குனிந்து, ஒவ்வொரு தாளாக மணந்து பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார்.

இன்றைக்கும் எங்கே பூ ஓவியத்தைக் கண்டாலும் என் கால் நின்றுவிடும். சீராக அடுக்கிய பூச்சாடிகளில் எனக்கு அவ்வளவு மயக்கமில்லை. மேசையில் உதிர்ந்து கிடக்கும் இதழையும் விடாமல் தீட்டியவரையே பிடிக்கும்.

பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது அந்தச் சுவரும் தாள்களும் போய்விட்டன. பந்தல் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இத்தா முடிந்த பிறகும் உம்மா பூச்சூடவே இல்லை. ஏனென்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

போன கிழமை கைபேசியில் ஒரு மல்லிகை ஓவியத்தைக் காட்டி, "நான் கீறினதெல்லாம் ஞாபகம் இருக்கா உம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் மகள்," என்றார். "நல்லகாலம், உனக்கு வாசம் கீறத் தெரியல்ல. தெரிஞ்சிருந்தா அந்தப் பூவையும் எடுத்திருப்பாங்க."