மேசைக்கு வராத செய்தி

இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரி ஷிஜி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகுதான் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள். கோட்பாட்டுப் புத்தகத்தில் கண்ணை வைத்து எத்தனையோ நாள் மீன்குழம்பை அடிபிடிக்க விட்டிருக்கிறாள். எந்தச் செய்தியை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பத்திரிகையில் யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் செய்தி மேசையருகே உட்கார்ந்து, வந்தது எது, அச்சேறியது எது, தள்ளியது ஏன் என்று குறித்துவந்தாள்.

உருப்படியான விஷயம் அவளுக்கு ஊரில்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு டெல்சியின் கணவர் இஞ்ஞாசி, ஆழ்கடலில் விசைப்படகிலிருந்து விழுந்து காணாமல் போனார். படகு ஜான்ரோஸுடையது. ஊர்க் காரியங்களை முடிவு செய்யும் கோயில் பங்குப்பேரவைக்கும் அவரேதான் செயலாளர். கடற்கரைச் செய்தி எதுவானாலும் பேரவையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புவது அதே நாளிதழின் பகுதிநேர நிருபர் செல்வதாஸின் வழக்கம். கேட்டார். "இப்பம் வேண்டாம்" என்றார்கள். அனுப்பவில்லை. வெளியே சத்தமில்லாததால் தேடுதலும் சீக்கிரமே நின்றது.

செல்வதாஸ் ஷிஜியிடம் எதையும் மறைக்கவில்லை. "கேக்காம எழுதிட்டு இந்தக் கடப்புறத்தில நான் கால் வைக்க முடியுமா மக்கா?"

டெல்சி சொன்னாள்: "பேப்பரில வரல்ல. உனக்க புக்கிலயாவது அவருக்க பேரு வரணும், கேட்டியா." ஷிஜி சரி என்றாள். தனி இயலாகவே எழுதினாள்.

நெறியாளர் குறுக்கே கோடு போட்டார். "மேசைக்கே வராத செய்திய, நிராகரிச்ச செய்தின்னு எப்படிம்மா கணக்கெடுப்பே? உன் முறையியல்ல இடமில்லையே. இப்படி யார் சொல்லியிருக்கா? மேற்கோள் காட்டு."

"ஊருக்குள்ளயே தடுத்துடறாங்க சார். அதத்தான் நான் பாத்தேன்."

"நீ பாத்ததுக்கு ஒரு கோட்பாடு வேணும்மா."

முறையியலை மாற்றினால் இன்னும் ஒரு வருடம் இழுக்கும். கல்லூரி வேலையொன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வளைகுடாவிலிருந்து புருஷன் அனிஷ் போனில் கத்தினான்: "அத எடுத்துத் தூரப்போடுட்டி. பட்டத்த வாங்கப் பாரு." அந்த இயலை எடுத்துவிட்டாள்.

பட்டம் வந்த அன்று டெல்சி மீன்கூடையோடு வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புக்கக் காட்டுட்டி. அவருக்க பேரு எங்க? விரல் வச்சுக் காட்டு."

"அது… சுருக்கச் சொல்லிட்டாங்கக்கா."

டெல்சி தானே எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். முன்பக்கத்து நன்றியுரையில் விரல் நின்றது. ஊருக்குள் விசாரிக்க அனுமதி தந்த பேரவைக்காரர்களுக்கு நன்றி சொல்வது ஆய்வில் முறை.

"ஜான்ரோஸுக்க பேரு இருக்கு" என்றாள்.

புத்தகத்தை மூடி, ஈரம் படாமல் தள்ளி வைத்தாள். ஷிஜியின் பிள்ளைகளுக்கென்று எப்போதும் எடுத்துத் தரும் சாளை மீன் அன்று கூடையிலேயே இருந்தது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.