வட்டமிட்டது கருடன்தானா?

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், மலாக்கா டவுனில் ஒரு டூர் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாசி மாதம், பறவை பார்க்கவென்றே இங்கிலாந்திலிருந்து ஏழெட்டு பேர் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் நரைத்த தலை, கழுத்தில் ஆளுக்கொரு பைனாகுலர். சதுப்புக் காடு, நெல் வயல், மலைக்காடு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் என்று ஒரு வாரம் அவர்களோடு அலைய வேண்டும். குருவி பார்க்க பிளேன் ஏறி வருவார்களா என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

அவர்களில் ஒரு அம்மாள் ரிட்டையரான டீச்சர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். பேச்சு குறைவு. பெரிதாக எது பறந்தாலும் நான் கழுகு என்று காட்டுவேன். "நோ" என்று சொல்லி அதன் சரியான பெயரைச் சொல்வார். அவர் தலையாட்டும்வரை மற்றவர்கள்கூட ஒரு பறவையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கடற்கரையில் ஒரு நாள், கடல் தாண்டி வரும் தேன்பருந்துகளை எனக்கு அடையாளம் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். உடம்பெல்லாம் பழுப்பு, புறாவைப் போலச் சின்னத் தலை.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. கடலோரச் சாலையில் வேனுக்கு முன்னால் கருடன் ஒன்று தாழப் பறந்தது. வெள்ளைத் தலை, செம்பட்டை உடம்பு. என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போய்விட்டன! வேன் ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றது. டீச்சர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கருடனைப் பார்த்தால் சாமியைப் பார்த்த மாதிரி, அதனால் கும்பிடுவோம் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அன்றிலிருந்து கருடனைப் பார்த்தால் வேனில் எல்லாருமே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். டீச்சர் மட்டும் மாட்டார். பறவை பறவைதான் என்பார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். எஸ்டேட்காரர்கள் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மாரியம்மனை ஆயர் குரோ பக்கம் கிடைத்த துண்டு நிலத்துக்கு மாற்ற, கோயில் தலைவரான அப்பா சம்மதித்துவிட்டார். பாதி ஜனம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பாவே, "அவள பேத்து எடுத்துட்டுப் போனா அவ வருவாளாடா?" என்று கேட்டுவிட்டு எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். கலசத்தில் தீர்த்தம் ஊற்றும்போது கருடன் வட்டமிட வேண்டும். வராவிட்டால் அம்மனுக்கே இஷ்டமில்லை என்று ஆகிவிடும். அப்பா சோறு இறங்காமல் கிடந்தார்.

எனக்கோ லீவு இல்லை என்று முதலாளி தவுக்கே கையை விரித்துவிட்டார். கும்பாபிஷேகத்தன்று காலையில் வேன் ஓட்டிக்கொண்டே இதையெல்லாம் புலம்பித் தீர்த்தேன். "அங்கேயே போ" என்றார் டீச்சர். மற்றவர்களும் சரி என்றார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குருக்கள் குடத்தோடு மேலே நின்றிருந்தார். கூட்டமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களும் பழக்கதோஷத்தில் அண்ணாந்துவிட்டார்கள். வானம் காலியாக இருந்தது. முகூர்த்தம் முடியப்போகிறது என்று குருக்கள் குரல் கொடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அங்க பாரு!" என்று யாரோ கத்தினார்கள். வெகு உயரத்தில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது.

"அது சும்மா பருந்துலா, கருடன் இல்ல" என்றார் பெரியப்பா.

பக்கத்திலிருந்தவரின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் தலை இல்லை. உடம்பெல்லாம் பழுப்பு. தேன்பருந்து! பைனாகுலரைச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக டீச்சரிடம் வந்துவிட்டார். அவர் தலையாட்டினால்தான் எந்தப் பறவையும் கணக்கு என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன். "துரைசானி, நீங்க பாத்துச் சொல்லுங்க. கருடன்தானே?"

கருடன் என்ற வார்த்தை டீச்சருக்கு இப்போது தெரியும். பைனாகுலரை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார். 'நோ' வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பைனாகுலரை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"ஓம் சக்தி!" என்று கூட்டம் அதிர்ந்தது. குடம் சாய்ந்தது. தெறித்த தீர்த்தத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து முதலில் அப்பா தலையில் தெளித்தவர் பெரியப்பாதான். இருவரும் அழுதார்கள். நானும்தான்.

திரும்பும் வழியில் பொறுக்க முடியாமல் டீச்சரிடம் கேட்டேன், அது தேன்பருந்துதானே என்று.

"ஆமாம்" என்றார். "உன் அப்பா என்னிடம் பறவையின் பெயரையா கேட்டார்?"

அப்பா சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. இன்றைக்கும் ஆயர் குரோ சிக்னலில் நிற்கும்போது பழுப்பாக எது வட்டமிட்டாலும் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடுகிறது. அது கருடனுக்கு இல்லை, அந்த டீச்சருக்கு.